எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறாத வண்டி

போன மாதம் கடலூரில் ஒரு கல்யாணப் பந்தியில், உதிரிபாகக் கவுண்டரில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் ஒரு பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அக்கா, கஸ்டமர் கேக்கறத எடுத்துக் குடுக்கறதுதானே நம்ம வேல? நீங்க எதுக்கு அவ்ளோ சண்ட போடுவீங்களாம்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். எனக்கு வந்த கோபத்தில் பாயசத்தைப் பாதியிலேயே தள்ளிவைத்துவிட்டேன். அங்கே வாயைத் திறந்தால் மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் எழுந்து ஓடிவிடுவார்கள் என்று பேசாமல் கை கழுவிவிட்டு வந்துவிட்டேன். அவளுக்குச் சொல்லவேண்டியதை, இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து இப்போது எழுதுகிறேன். சத்தமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கடற்கரை ஊர்க்காரி, மெதுவாகப் பேசி எனக்குப் பழக்கமில்லை.

நான் வேலை பார்த்த ஒர்க்‌ஷாப், கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில் குடிகாடு தாண்டி இருந்தது. காற்று கெமிக்கல் கம்பெனிகள் பக்கமிருந்து திரும்பினால் நாங்கள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டே பில் போடுவோம். எந்த வண்டிக்கு எந்தச் சாமான் என்று பார்த்து, தேர்ந்தெடுத்து, வரவழைத்துக் கொடுப்பது என் பொறுப்பு. ஸ்பேனர் பிடிக்கிறவர்கள் உள்ளே இருந்தார்கள். வண்டியின் குணத்தை மாற்றுகிற முடிவுகள் என் மேஜையில்தான் நடந்தன. இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கிற நாற்காலியும் அதுதான் என்று தெரிந்துகொள்ளத்தான் சொல்கிறேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு வியாதி உண்டு. கரும்பு சீசன் வந்தால் நெல்லிக்குப்பம் ஆலைக்கு லோடு அடிக்கும் டிராக்டரும் லாரியும்தான் எங்கள் ஒர்க்‌ஷாப்பின் சோறு. ஈர வயலிலிருந்து கரும்பு லோடு மேலே ஏறவேண்டும். அதனால் எவன் வந்தாலும் முதல் கேள்வி, "இழுவ இருக்குமா?" என்பதுதான். லாரிக்காரர் ஒருவர் என் பேச்சைக் கேட்காமல், பின்னச்சில் சக்கரத்தைச் சுற்றும் பல்சக்கர ஜோடியை, அதாவது கிரவுன் பினியனை, இழுவை ஜாஸ்தியாகக் கொடுக்கும் செட்டாக மாற்றிக்கொண்டு போனார். வயலில் வண்டி யானை மாதிரி ஏறியது. வெறும் வண்டியாக ரோட்டில் வந்தால் இன்ஜின் கத்துகிறது, வண்டி ஓடவில்லை, டீசல் தண்ணீராகக் குடிக்கிறது என்று என்னிடமே வந்து கத்தினார். "வயலுக்குக் குடுத்தத ரோட்டுலேர்ந்துதான் எடுத்தேன், நான் எங்க போவேன்?" என்று திருப்பிக் கத்தினேன். அவருக்குப் போனது டீசல் மட்டும்தான். எல்லோருக்கும் அவ்வளவோடு முடிவதில்லை.

இப்போது கௌதம் விஷயத்துக்கு வருகிறேன். 

கௌதம் சிதம்பரம் பக்கத்துப் பையன். சேத்தியாத்தோப்பில் வீடு, நிலம், வீட்டில் இரண்டு டிராக்டர், ஒரு பழைய ஜீப். வெளிநாட்டில் கொஞ்ச வருஷம் இருந்துவிட்டுத் திரும்பி வந்து, புதுச்சேரியில் யாரோ வைத்திருந்த ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைக் செகண்ட்ஹேண்டில் வாங்கியிருந்தான். இரண்டே கதவு, நீளமான மூக்கு, தரையோடு ஒட்டிய உடம்பு, பெரிய இன்ஜின். ஆட்டோமேட்டிக் கியர், பின்சக்கரத்தில் இழுக்கும் வண்டி. அது உள்ளே வந்து நின்றபோது பட்டறையில் ஒருத்தர் கையிலும் வேலை ஓடவில்லை. நானும் எழுந்து போய்ப் பார்த்தேன். அழகான வண்டி, இல்லை என்று சொல்லமாட்டேன்.

செல்போனில் ஏதோ வீடியோவைக் காட்டி, "மேடம், இந்தக் கன்வெர்ட்டர், இந்த ரியர் கியர். ரெண்டும் வேணும். வண்டி சும்மா பிச்சிக்கிட்டுப் போவணும்" என்றான்.

உங்களில் சிலர் இன்னும் ஆட்டோமேட்டிக்கைத் தொட்டிருக்கமாட்டீர்கள், அதனால் இரண்டு வார்த்தை. இந்த வண்டிகளில் கிளட்ச் மிதி கிடையாது. இன்ஜினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவே எண்ணெய் நிரப்பிய ஒரு உருளை இருக்கும். இன்ஜின் ஒரு இறக்கையைச் சுற்றும், அது எண்ணெயைத் தள்ளும், எண்ணெய் எதிர்ப்பக்க இறக்கையைத் தள்ளும். அந்த உருளைதான் டார்க் கன்வெர்ட்டர். கம்பெனி போட்டுக் கொடுப்பது சீக்கிரமே பிடிக்கும். பிரேக்கை விட்டாலே வண்டி தானாக ஊர ஆரம்பிக்கும். பந்தயத்துக்கென்று செய்கிற கன்வெர்ட்டர் அப்படியல்ல. இன்ஜின் நல்ல வேகத்துக்கு வரும்வரை எண்ணெய் வழுக்கிக்கொண்டே இருக்கும், வண்டி செத்தது போல நிற்கும். அந்த வேகம் வந்ததும் மொத்தமாகப் பிடித்துத் தள்ளும். அதோடு பின்னச்சில் இழுவை கியரையும் போட்டால் அந்தத் தள்ளல் இன்னும் பெருகும். பந்தயத் தடத்தில், பெல்ட் கட்டிக்கொண்டு, முன்னால் ஒரு ஆளும் இல்லாத இடத்தில், இது சரியான ஜோடி. சாமான் மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது.

நான் அவன் செல்போனைப் பார்க்கவில்லை, வண்டிக்குள் பார்த்தேன். கௌதம் ஆறடி இருப்பான். டிரைவர் சீட் ஸ்டீயரிங் பக்கமாக முன்னால் இழுக்கப்பட்டிருந்தது, முழங்காலை மடக்கிக்கொண்டேதான் ஓட்டி வந்திருக்கிறான். சீட்டின் மேல் ஒரு துண்டு மடித்துப் போடப்பட்டிருந்தது.

"இத வேற யாரு ஓட்டறாங்க?"

"அப்பா எப்பனா எடுத்துட்டுப் போவாரு மேடம். கோயிலுக்கு, கடத்தெருவுக்கு. அதெல்லாம் கணக்குல இல்ல."

கணக்கில் இல்லையாம். பெற்ற அப்பன் கணக்கில் இல்லையாம். அந்த வார்த்தை இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

"நீ பந்தயம் எங்க ஓட்டுவ?"

"சென்னைப் பக்கம் டிராக் இருக்கு, போவேன். இல்லாட்டி நம்ம புது நாலு வழி ரோடே போதுமே" என்று சிரித்தான்.

அப்போதே என் முடிவைச் சொல்லிவிட்டேன். கியரை ஒரு படி மட்டும் ஏற்றலாம், வண்டி சுறுசுறுப்பாகும். கன்வெர்ட்டர் கம்பெனியுடையதற்கு ரொம்பத் தள்ளிப்போகாமல் ஒன்று போடலாம். கியர் எண்ணெய் சூடாகாமலிருக்கத் தனியாக ஒரு கூலர் வைக்கவேண்டும். "இதோட நிறுத்திக்க. ஒரே வண்டிய நீயும் ஓட்டி, உங்க அப்பாவும் ஓட்டணும்னா இதுக்கு மேல போவக் கூடாது" என்றேன். பையன் முகம் தொங்கிப்போய்விட்டது. வீடியோவில் பார்த்தவன் இரண்டு மடங்கு பெரிய நம்பர் கன்வெர்ட்டர் போட்டிருக்கிறானாம். அந்த வீடியோக்காரனின் அப்பா சேத்தியாத்தோப்புச் சந்தைக்கு அந்த வண்டியில் போகிறாரா என்று கேட்டேன். அவன் நேரே முதலாளி அறைக்குப் போனான்.

எங்கள் முதலாளிக்கு அப்போது நாற்பது வயதிருக்கும். பணக்காரப் பையன்கள் யார் வந்தாலும் மச்சான்தான். தோளில் கை போட்டுக்கொண்டு இரண்டு பேரும் வெளியே வந்தார்கள்.

"மேடம், மச்சான் கேக்கறத வரவழைச்சிக் குடுங்க. கஸ்டமர் கேக்கறத எடுத்துக் குடுக்கறதுதான் நம்ம வேல."

ஆமாம், அதே வாக்கியம். கல்யாணப் பந்தியில் அந்தப் பெண் சொன்னபோது எனக்கு ஏன் பற்றிக்கொண்டு வந்தது என்று இப்போது புரிகிறதா?

"அவுங்க அப்பா ஓட்டற வண்டி இது" என்றேன்.

"ஓட்டட்டுமே. நாப்பது வருஷமா டிராக்டர் ஓட்டற மனுஷன். அவருக்கு நீங்க இன்னா சொல்லிக் குடுக்கறது?"

"டிராக்டர் ஓட்டறவருங்கறதாலதான் பயமா இருக்கு. வண்டி நவுரலன்னா அவர் இன்னா பண்ணுவாரு? இன்னும் மிதிப்பாரு. கரும்பு லோடு அப்பிடித்தானே ஏத்தறாங்க?"

முதலாளி சிரித்தார். அவரும் கரும்பு வண்டிகளோடு வளர்ந்தவர்தான், ஆனால் நான் சொன்னது அவர் மண்டையில் ஏறவில்லை. இழுவை ஜாஸ்தி என்றால் நல்லது, அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். "அந்த ஆர்டர நான் போட மாட்டேன்" என்று சொல்லிவிட்டேன். அவரே போட்டுக்கொண்டார். "போடறதுதான் போடறீங்க. வண்டி ரெடியானதும் பெரியவர காலி எடத்துல உக்கார வச்சி, எப்பிடிக் குதிக்குதுன்னு காட்டிட்டு அப்புறம் சாவியக் குடுங்க" என்று கேட்டேன். "சரி மேடம், சரி" என்றார். வாயால் சொல்வதற்கு என்ன செலவு?

சாமான்கள் வந்தன. எங்கள் பட்டறையில் கியர் வேலையெல்லாம் முருகையன் கையில்தான் இருந்தது, சுத்தமாக மாட்டினான். டெலிவரிக்கு முந்தின சாயங்காலம் நான் வீட்டுக்குப் போனபிறகு கௌதம் வந்து முருகையனோடு வண்டியை ஓட்டிப் பார்த்திருக்கிறான். அன்றைக்கு என்ன நடந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. நான் வரும்போதே வாசலில் பூஜை நடந்துகொண்டிருந்தது. கௌதம், அவன் அம்மா, அப்பா, மனைவி பவித்ரா நாலு பேரும் வந்திருந்தார்கள். வண்டியின் மூக்கில் மாலை, சந்தனம், குங்குமம். சக்கரங்களுக்கு முன்னால் எலுமிச்சம்பழம். எங்கள் ஒர்க்‌ஷாப் வாசலை நீங்கள் பார்த்ததில்லை. ரோட்டை ஒவ்வொரு தடவையும் பழைய தாரின் மேலேயே போட்டுப் போட்டு, ரோடு மேலே போய்விட்டது, எங்கள் தரை பள்ளத்தில் கிடந்தது. வெளியே போகிற வண்டி ஒரு சின்ன மேடு ஏறித்தான் போகவேண்டும். அந்த மேட்டைப் பார்த்தபடி வண்டி நின்றது. டிரைவர் சீட்டில் பெரியவர் உட்கார்ந்திருந்தார். அந்த வீட்டில் எந்த வண்டி வந்தாலும் முதல் எலுமிச்சம்பழத்தை அவர்தான் ஏற்றுவாராம்.

 முதலாளியிடம் ஓடினேன். "பெரியவருக்கு ஓட்டிக் காட்டினீங்களா?"

"நல்ல நேரம் போவுது மேடம். குறுக்கப் பேசாதீங்க."

அவரை விட்டுவிட்டு வண்டியை நோக்கி நடந்தேன். அதற்குள் இன்ஜின் ஓட ஆரம்பித்துவிட்டது. அந்த வண்டியின் சைலன்சர் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசினால்கூடக் கேட்காது. கண்ணாடி ஏற்றியிருந்தது. பெரியவர் கியரைப் போட்டு, பிரேக்கை விட்டார். வண்டி நகரவில்லை. முன்பெல்லாம் தானாக ஊர்ந்த வண்டி. கொஞ்சம் மிதித்தார். இன்ஜின் உறுமியது, வண்டி நகரவில்லை. காலை எடுத்துவிட்டு, மறுபடி பிரேக்கை மிதித்துக்கொண்டு மகனைப் பார்த்தார். மகன் சிரித்துக்கொண்டே, "இன்னும் குடுங்கப்பா" என்று கையைக் காட்டினான்.

அந்த நேரம் பார்த்து கௌதமின் அம்மா, "பழம் சரியா வெக்கலயாட்டம் இருக்குது. அதான் ஏற மாட்டேங்குது. பவித்ரா, பாரும்மா" என்று அந்தச் சத்தத்துக்கு மேல் கத்தினார். அந்தப் பெண் சட்டென்று முன்னால் போய், இடது சக்கரத்தடியில் குந்தி, பழத்தைச் சரியாக வைக்கக் கையை நீட்டினாள். நீளமூக்கு வண்டி, குள்ளமான மனுஷன். அவர் கண்ணுக்கு அவள் தெரியவே வாய்ப்பில்லை. நான் கண்ணாடியைத் தட்டிக்கொண்டே கத்தினேன். "மிதிக்காதீங்க, மிதிக்காதீங்க!" அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நகராத கரும்பு லோடுக்கு என்ன செய்வாரோ அதையே செய்தார். இன்னும் மிதித்தார்.

வண்டி பாய்ந்தது. ஊரவில்லை, ஏறவில்லை, பாய்ந்தது. பவித்ராவின் அலறலும் என் அலறலும் ஒன்றாகக் கேட்டன. மேட்டின் விளிம்பில் மூக்கு இடித்து வண்டி நின்றதால்தான் அந்தப் பெண் உயிரோடு இருக்கிறாள். முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாக ஒடிந்திருந்தது. முருகையன் ஜாக்கியைப் போட்டு வண்டியைத் தூக்க, நான் அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டேன். பெரியவர் கீழே இறங்கி நின்றார். யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அவராகவே, "நான்தான் மிதிச்சேன், நான்தான் மிதிச்சேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

கடலூரில் முதலுதவி செய்து, சிதம்பரத்தில் ஒரு எலும்பு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் செய்தார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை, கால் கூடிவிடும் என்றார்கள். அத்தோடு விஷயம் முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். எனக்கு அங்கேதான் ஆரம்பித்தது.

மறுநாள் முதலாளி வாசலில் பூசணிக்காய் சுற்றி உடைத்தார். கண் திருஷ்டியாம். வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "பாவம், பெரியவருக்கு வயசாயிடுச்சி. கால் தடுமாறிட்டாரு" என்று உச்சுக் கொட்டினார். உடைத்த பூசணிக்காயை அவர் தலையில் கவிழ்க்கவேண்டும் போல இருந்தது. இரண்டில் ஒன்றைச் சொல்லித் தொலையேன்! திருஷ்டி என்றால் திருஷ்டி, கால் என்றால் கால். கன்வெர்ட்டர் என்ற வார்த்தை மட்டும் அவர் வாயில் வரவே இல்லை.

முருகையனுக்கு ஊர் சேத்தியாத்தோப்பு. அவன்தான் ஒரு காலையில் வந்து சொன்னான். "அக்கா, பெரியவரு எல்லா வண்டி சாவியும் எடுத்துப் பையன்கிட்ட குடுத்துட்டாராம். டிராக்டரக்கூடத் தொட மாட்டேங்கறாரு. என் கால நான் எப்பிடி நம்பறதுன்னு கேக்கறாராம். வீட்ல யாருகிட்டயும் பேசறதில்ல."

அந்த மனுஷனுக்கு வண்டி என்றால் வெறும் வண்டியா? நாலு ஏக்கரிலிருந்து அந்தக் குடும்பத்தை மேலே கொண்டுவந்தது அந்தக் கால்தான். ஒரு தப்பும் செய்யாத காலை அவரே சந்தேகப்படும்படி செய்துவிட்டார்கள். எலும்பு கூடிவிடும். இது எப்படிக் கூடும்?

வண்டி எங்கள் பட்டறையிலேயே கிடந்தது. முதலாளி வெளியே போயிருந்த நேரம் பார்த்து, முன்சக்கரத்துக்கு எதிரில் மணல் மூட்டையை அடுக்க முருகையனிடம் சொல்லி, நானே சீட்டில் உட்கார்ந்தேன். பெரியவர் மிதித்தது போலவே மிதித்தேன். செத்தது போல நின்றது. இன்னும் கொஞ்சம் மிதித்தேன். மூட்டை கிழிந்து மணல் பட்டறையெங்கும் பறந்தது. என் கால் வலுவாகத்தான் இருக்கிறது, தடுமாறவும் இல்லை. இறங்கி வந்தால் முருகையன் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறான்.

"அக்கா, மொத நாள் சாயங்காலமும் இப்பிடித்தான் குதிச்சுது. கௌதம் ஓட்டும்போது செவுத்துல மோதத் தெரிஞ்சுது. அவன் கைதட்டிச் சிரிச்சான். நான் போய் மொதலாளிகிட்ட சொன்னேன். பூச முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்னாரு."

அந்த நிமிஷம் எனக்கு வந்த கோபத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருக்கிறது! மகனுக்கும் தெரிந்திருக்கிறது, முதலாளிக்கும் தெரிந்திருக்கிறது. தெரிந்தே அந்த மனுஷனை உட்கார வைத்து, இன்னும் குடுங்கப்பா என்று கையைக் காட்டியிருக்கிறான். இப்போது இரண்டு பேரும் சேர்ந்து பழியை அவர் காலில் கட்டிவிட்டுச் சும்மா இருக்கிறார்கள்.

முதலாளி திரும்பி வந்ததும் நேரே கேட்டேன். "சிதம்பரம் வர்றீங்களா? பெரியவருகிட்ட சாமான்தான் காரணம்னு ஒரு வார்த்த சொல்லுங்க."

"மேடம், அதச் சொன்னா நாளைக்கு எவன் நம்மகிட்ட வண்டி விடுவான்? அவுங்களே ஒத்துக்கிட்டு அமைதியா இருக்காங்க. நீங்க ஏன் கெளர்றீங்க?"

"அவரு ஒத்துக்கல. நீங்க ஒத்துக்க வெச்சிட்டீங்க" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். முருகையனும் பின்னாலேயே வந்தான். "நானும் வர்றேங்கா. எனக்குத் தூக்கமே வர்ல" என்றான்.

ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைக்குத்தான் பவித்ராவை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். கௌதம் வீட்டு ஜீப்பைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தியிருந்தான். பெரியவர் அறைக்குள் போகாமல் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஆள் பாதியாகியிருந்தார். நான் போய் நின்றதும், "வாங்கம்மா. நீங்க கத்தனீங்களாமே, எனக்குக் காது கேக்கல. அதுவும் என் தப்புதான்" என்றார்.

"அய்யா, எழுந்து உள்ள வாங்க. எல்லாரும் இருக்கும்போது ஒரு விஷயம் சொல்லணும்."

அவர் தயங்கினார். முருகையன் கையைப் பிடித்து எழுப்பிக் கூட்டி வந்தான். கட்டிலில் பவித்ரா, காலில் பெரிய கட்டு. பக்கத்தில் மாமியார். ஜன்னலோரம் கௌதம் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் சுற்றி வளைக்கவில்லை.

"அய்யா, உங்க கால் தடுமாறல. நீங்க சரியாத்தான் மிதிச்சீங்க. அந்த வண்டியில போட்ட சாமான் அப்பிடி. நிக்கும் நிக்கும், அப்புறம் ஒரேயடியாப் பாயும். நானே உக்காந்து பாத்துட்டேன், எனக்கும் பாஞ்சுது. உங்களுக்கு ஓட்டிக் காட்டாம சாவிய குடுத்தது எங்க ஒர்க்‌ஷாப்போட தப்பு."

பெரியவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார். கௌதம் அவசரமாகக் குறுக்கே வந்தான்.

"மேடம், நடந்தது நடந்துபோச்சி. அப்பாவுக்கும் வயசாவுது. நாங்க யாரும் அவர ஒண்ணும் சொல்லல. எல்லாரும் மன்னிச்சிட்டோம்."

மன்னித்துவிட்டானாம்! 

"மன்னிக்க நீ யாருடா? மொத நாள் சாயங்காலம் நீ ஓட்டும்போது அந்த வண்டி குதிக்கல? செவுத்துக்குக் கிட்டப் போயி நிக்கல? முருகையன் இங்கதான் நிக்கறான், அவன் மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

அவன் முருகையனைப் பார்க்கவில்லை. "அது... டெஸ்ட் பண்ணும்போது எல்லா வண்டியும் கொஞ்சம்..." என்று இழுத்தான். நர்ஸ் ஒருத்தி எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். மாமியார், "மெதுவாப் பேசும்மா, ஆஸ்பத்திரி இது" என்றார். நான் மெதுவாகப் பேசவில்லை.

அப்போது கட்டிலிலிருந்து பவித்ரா பேசினாள். 

"குதிச்சுது மாமா. அன்னிக்கு ராத்திரி சாப்புடும்போது எங்கிட்ட சொன்னாரு. செம்மயா குதிக்குது, கொஞ்சம் விட்டிருந்தா செவுத்த இடிச்சிருக்கும்னு சிரிச்சிச் சிரிச்சிச் சொன்னாரு. நீங்க மிதிச்சதால இல்ல மாமா. அவருக்குத் தெரியும். படுத்துக்கெடக்கறப்பல்லாம் சொல்லிடலாம்னு பாத்தேன். வீட்டுக்காரர எப்பிடிக் காட்டிக் குடுக்கறதுன்னு பேசாம இருந்துட்டேன்."

 பெரியவர் மகனைப் பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன், அடிக்கவில்லை. திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவுமில்லை. "தெரிஞ்சேவாடா கைய காட்டுன?" என்று மட்டும் கேட்டார். கௌதம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

இந்த இடத்தில் உங்களிடம் ஒன்று சொல்லிவிடுகிறேன். கஸ்டமர் என்று நீங்கள் சொல்கிற ஆள், கவுண்டருக்கு எதிரில் நின்று காசு கொடுக்கிறவன் மட்டும் இல்லை. சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டு உட்கார்கிற அப்பாவும் கஸ்டமர்தான். சக்கரத்தடியில் குந்திப் பழம் வைக்கிற பெண்ணும் கஸ்டமர்தான். அவர்கள் யாரும் உங்களிடம் வந்து எதையும் கேட்கமாட்டார்கள். அவர்களுக்காக நீங்கள்தான் கேட்கவேண்டும், முதலாளி முறைத்தாலும் கேட்கவேண்டும். அதற்குத்தான் நான் சண்டை போட்டேன். இனிமேல் யாராவது என்னிடம் வந்து, எடுத்துக் கொடுப்பதுதானே வேலை என்று சொன்னால், கல்யாணமோ கருமாதியோ, அந்த இடத்திலேயே கத்துவேன்.

சக்கர நாற்காலி வந்தது. பவித்ராவை ஏற்றி வாசலுக்குக் கொண்டுபோனோம். கௌதம் ஜீப் சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தான். பவித்ரா நாற்காலியை நிறுத்தச் சொன்னாள்.

"மாமா ஓட்டட்டும்" என்றாள்.

பெரியவர் பதறிப்போனார். "வேணாம்மா. என்னால ஆவாது. உன்ன ஏத்திக்கிட்டா? வேணாம்மா."

"நீங்க ஓட்டுனா வர்றேன் மாமா. இல்லன்னா இங்கயே கெடக்கறேன்."

அவர் என்னைப் பார்த்தார், முருகையனைப் பார்த்தார். பிறகு மகன் முகத்தைப் பார்க்காமலே கையை நீட்டினார். சாவி அவர் கைக்கு வந்தது. பவித்ராவைப் பின்சீட்டில் கால் நீட்டி உட்கார வைத்தோம், மாமியார் அவள் தலைமாட்டில் ஏறிக்கொண்டார். பெரியவர் உடனே ஏறவில்லை. ஜீப்பை முழுதாக ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். முன்னால் குனிந்து இரண்டு சக்கரத்தடியிலும் பார்த்தார். பிறகு ஏறி, ஸ்டார்ட் செய்து, கிளட்ச்சை மெதுவாக விட்டார். வண்டி ஒரு குலுக்கல்கூட இல்லாமல் நகர்ந்தது.

அவருக்குப் பக்கத்து சீட் காலியாகத்தான் இருந்தது. கௌதம் ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான், அவனை யாரும் ஏறச் சொல்லவில்லை.